புண்ணில் தண்ணீர் படட்டும்: மலைப்பாதையில் சைக்கிளோடு விழுந்தவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோரிமேடு வழியாக அடிவாரம் போய், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி ஏற்காட்டைத் தொடும் கூட்டம் சேலத்தில் பெருகியிருக்கிறது. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஏறும்போது பெரிதாக யாரும் விழுவதில்லை, வினை இறக்கத்தில்தான். வளைவின் உள்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் ஜல்லித் துகளிலோ, நிழலில் நனைந்து கிடக்கும் சில்வர் ஓக் சருகிலோ முன்சக்கரம் வழுக்கினால், உடம்பு ஒரு பக்கமாகத் தார்ச்சாலையில் தேய்ந்தபடி போய்த்தான் நிற்கும். முழங்கை, முட்டி, உள்ளங்கை, இடுப்பெலும்பு, தொடையின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் தோல் வழண்டுவிடும்.

எலும்பு முறிந்தால் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். தோல் வழண்டால் மட்டும் ஆளுக்கொரு வைத்தியம். "புண்ணுல தண்ணி படக்கூடாது", "காத்தாட விடு, பொருக்கு தட்டிடும்" என்ற இரண்டு பேச்சும் வீட்டுக்கு வீடு கேட்கிறது. பத்து நாளில் ஆற வேண்டிய சிராய்ப்பு ஒரு மாதம் இழுத்துக்கொண்டு போவதும், ஆறிய பிறகும் நீலக் கருப்பாகத் தழும்பு நிற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு பேச்சால்தான். காயத்துக்குக் கட்டுப்போடும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், சரியான வழியை விவரமாக எழுத விரும்புகிறோம்.

விழுந்தவர் முதலில் சாலையை விட்டு ஒதுங்க வேண்டும். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால் மட்டும் அவரை அசைக்காமல், பின்னால் வரும் வண்டிகளை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். தோலில் வழியும் ரத்தம் கண்ணை இழுக்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கலாம். தலை தரையில் மோதியதா? ஹெல்மெட்டில் விரிசல் இருக்கிறதா? கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்தாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, வாந்தி வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ சிராய்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோள்பட்டையில் விழுந்தவருக்குக் காறை எலும்பு முறிந்திருக்கலாம். கையை ஊன்றி விழுந்தவர், கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டருகே விழும் குழியை அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே சுருக்கென்று வலித்தால் உள்ளே ஒரு சிறு எலும்பு முறிந்திருக்க வாய்ப்புண்டு. முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும்; வலி விடாவிட்டால் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்திய பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். வெளியே காசு அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் மட்டும் இருக்கும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ அடிபட்டிருக்கலாம். வயிற்று வலி சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். அப்படிக் குத்து வாங்கிய பிள்ளையை வீட்டில் படுக்க வைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் இல்லை, தோல்தான் போயிருக்கிறது என்று உறுதியானால், அடுத்தது தண்ணீர். எவ்வளவு முடியுமோ அவ்வளவு தண்ணீர்.

குடிக்கத் தகுந்த எந்தத் தண்ணீரும் போதும். குழாய்த் தண்ணீரில் கழுவிய புண்ணும் சலைன் எனும் மருத்துவ உப்பு நீரில் கழுவிய புண்ணும் ஒரே மாதிரிதான் ஆறுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. மலையில் பாறையிடுக்கில் வழியும் ஊற்றுநீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குரங்கும் மாடும் மேலே என்ன செய்திருக்கும் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. கழுவுபவர் முதலில் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சீல் உடைக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊக்கால் ஒன்றிரண்டு துளை போட்டு, பாட்டிலை இறுக்கிப் பிழிந்தால் நீர் பீய்ச்சியடிக்கும். அந்த வேகம்தான் மண்ணைக் கிளப்பும். சும்மா ஊற்றினால் தண்ணீர் மண்ணின் மேலேயே ஓடிவிடும். உள்ளங்கை அகலக் காயத்துக்கு ஒரு லிட்டராவது செலவாகும். வழியும் நீர் தெளிவாகும் வரை நிறுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் குழாயடியிலோ ஷவரிலோ இன்னும் ஐந்து பத்து நிமிடம் காட்டுங்கள். எரியும்தான். முதல் ஒரு நிமிடம் பொறுத்தால் பிறகு மட்டுப்படும். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போடலாம். சோப்பு நுரை புண்ணில் கொஞ்சம் பட்டால் கெடுதல் இல்லை, நன்றாக அலசிவிட்டால் போதும்.

கழுவிய பிறகும் பதிந்து நிற்கும் துகள்களை விட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு நடப்பது இங்கேதான். ஏற்காட்டின் செம்மண் கழுவினால் போய்விடும். தார்த் துகளும் கல்மாவும் அப்படிப் போகாது. அவற்றின் மேலேயே புதுத்தோல் மூடிக்கொண்டால் பச்சை குத்தியதுபோல் நீலக் கருப்பு நிறம் ஆயுசுக்கும் நின்றுவிடும். பிறகு லேசர்தான் வழி, அதிலும் முழுதாகப் போகும் என்ற உறுதி இல்லை. ஆகவே துகள் எடுக்கும் வேலையை முதல் நாளே, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஈரமான காஸ் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) துணியால் சிராய்ப்பு ஓடியிருக்கும் திசையிலேயே மெதுவாகத் துடையுங்கள். அதற்கும் வராவிட்டால், புதிதாகப் பிரித்த, மிருதுவான டூத் பிரஷ் உதவும். தனித்தனியாகக் குத்தி நிற்கும் கல்லை, ஸ்பிரிட்டில் துடைத்த இடுக்கியால் எடுக்கலாம். ஒட்டியிருக்கும் தாருக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் இளகிவரும். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் புண் பக்கமே வரக்கூடாது.

வலி தாங்காமல்தான் பலரும் பாதியில் நிறுத்துகிறார்கள். கழுவுவதற்கு அரை மணி நேரம் முன்பே பாராசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ. அடுத்த வேளைக்கு ஆறு மணி நேர இடைவெளி. சிறிய காயமானால் 2 சதவீத லிக்னோகெயின் ஜெல்லைத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் மரத்துப்போகும். உள்ளங்கையை விடப் பெரிதாக வழண்ட இடத்தில் இந்த ஜெல்லைப் பூசாதீர்கள். தோல் இல்லாத இடத்தில் மருந்து நேராக ரத்தத்தில் ஏறும், அளவு மிஞ்சினால் இதயமும் மூளையும் பாதிக்கப்படும். பெரிய காயத்தில் துகள் நிறைய இருந்தால் மருத்துவமனையில் முறையாக மரக்க வைத்துச் சுத்தம் செய்துகொள்வதே நல்லது.

இனி, புண்ணில் போடக்கூடாதவை. காபித்தூள், சுண்ணாம்பு, டூத் பேஸ்ட், அடுப்புச் சாம்பல். மலைக் கிராமங்களில் காபித்தூள் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் அதுதான் முதலில் வருகிறது. ரத்தம் நிற்பது மாதிரி தெரியும். ஆனால் கையால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் நின்றுவிடும் ரத்தம் அது. நின்ற பிறகு அந்தத் தூள் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது, தார்த் துகளை எடுக்கும் வேதனை இரட்டிப்பாகிறது. வெட்டுக்காயப் பூண்டுச் சாறு விஷயத்தில் இலையின் குணத்தைப் பற்றி நாங்கள் பேச வரவில்லை. சாலையோரத்தில் பறித்துக் கழுவாத கையால் கசக்கிப் பிழிந்தால் சாற்றோடு மண்ணும் சேர்ந்து இறங்கும், டெட்டனஸ் கிருமி இருப்பதும் அந்த மண்ணில்தான். மஞ்சள் தூளுக்கும் இதே கதை: கடைத் தூள் கிருமி நீக்கியதல்ல, புண்ணின் நிறத்தையும் மறைத்துவிடும், சீழ் பிடித்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அழுக்கு வெளியேறுகிறது என்று நினைக்கிறார்கள். அது புதிதாக வளரும் செல்களையும் சேர்த்துக் கொல்கிறது. ஸ்பிரிட்டும் தண்ணீர் கலக்காத டெட்டாலும் அப்படியே. போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைச் சுற்றியுள்ள தோலில் ஒருமுறை தடவலாம், தினமும் புண்ணுக்குள் ஊற்றத் தேவையில்லை. நியோமைசின் கலந்த பவுடர் கசிவோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது, சிலருக்கு ஒவ்வாமையில் புண்ணைச் சுற்றிச் சிவந்து அரிக்கவும் செய்கிறது.

காத்தாட விடுவது ஏன் தவறு? புதுத்தோல் ஓரத்திலிருந்தும், எஞ்சியிருக்கும் மயிர்க்கால்களின் அடியிலிருந்தும் ஈரமான பரப்பின் மேல் ஊர்ந்து பரவுகிறது. காய்ந்து பொருக்கு தட்டினால் அந்தக் கெட்டிப் பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை அது குடைந்துகொண்டு போக வேண்டும். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் இதைச் சோதித்து நேச்சர் இதழில் வெளியிட்டார். பாலித்தீன் ஏடு போட்டு மூடிய காயங்கள், திறந்து விட்டவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடின. இன்றைய கட்டு முறைகளெல்லாம் அதன் வழியில் வந்தவை. நம் வீடுகளுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை. முட்டியிலும் முழங்கையிலும் பொருக்கு இன்னொரு தொல்லையும் தரும்: மடக்கும்போதெல்லாம் வெடித்து மறுபடி ரத்தம் கசியும்.

கட்டுப்போடும் முறை எளிது. மெடிக்கல் ஷாப்பில் பாராஃபின் காஸ் என்று கேட்டால், வலை மாதிரியான துணியில் மெழுகுத்தன்மையுள்ள களிம்பு ஊறிய தாள் கிடைக்கும். 10 சென்டிமீட்டர் சதுரத் தாள் பரவலாக விற்பது. காயத்தின் வடிவத்துக்கு, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, மடிப்பில்லாமல் ஒரே அடுக்காக விரியுங்கள். அது கிடைக்காவிட்டால் சுத்தமான காஸ் துணியில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசி வைக்கலாம். அதன் மேல் கசிவை உறிஞ்சத் தடிமனாகக் காஸ் பேட். வெறும் பஞ்சை ஒருபோதும் நேராக வைக்காதீர்கள், இழை புண்ணில் ஒட்டிக்கொண்டு வராது. அதற்கு மேல் ரோலர் பேண்டேஜ், முழங்கைக்கு மூன்று அங்குலம், முட்டிக்கு நான்கு அங்குலம். முட்டியைச் சற்றே மடக்கி வைத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். நீட்டி வைத்துச் சுற்றினால் எழுந்து நாலடி நடந்ததும் கட்டு நழுவிவிடும். சுற்றி முடித்ததும் கால்விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்ட வேண்டும். இடுப்பிலும் தொடையிலும் ரோலர் நிற்காது. அங்கே அகலமான ஒட்டுத்துணிதான் வசதி.

முதல் இரண்டு மூன்று நாள் நீர் அதிகம் கசியும், தினமும் ஒருமுறை மாற்ற வேண்டும். கட்டு நனைந்து வெளியே தெரிந்தால் அப்போதே மாற்றுங்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்த்து இழுத்தால் முந்தின நாள் வளர்ந்த தோலும் கூடவே வந்துவிடும்; வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் தானாக விடும். ஒவ்வொரு முறையும் கழுவ சலைன் பாட்டில் வாங்கலாம், வீட்டிலும் செய்துகொள்ளலாம்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு கரைத்து ஆறவிட வேண்டும். திறந்த பாட்டிலானாலும் வீட்டில் செய்ததானாலும் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரிய மருந்துக்கடைகளில் ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டும் தகடு கிடைக்கிறது. விலை கூடுதல். கசிவு குறைந்த, சுத்தமான, ஆழமில்லாத சிராய்ப்புக்கு அருமையானது. ஓரம் கிளம்பாமல் இருந்தால் மூன்றிலிருந்து ஐந்து நாள் விட்டுவிடலாம், அதோடு குளிக்கவும் செய்யலாம். எடுக்கும்போது உள்ளே மஞ்சளாக, வாடையோடு கூழ் இருக்கும். அதைச் சீழ் என்று பயப்பட வேண்டாம், தகடும் கசிவும் கலந்தது அது. கழுவிவிட்டால் அடியில் இளஞ்சிவப்பு தெரியும். சீழ் பிடித்த புண்ணின் மேல் மட்டும் இதை ஒட்டவே கூடாது.

சீழை எப்படிக் கண்டுகொள்வது? புண்ணின் மேல் மெல்லிய மஞ்சள் படலம் மினுமினுப்பாக இருந்தால் பெரும்பாலும் அது இயல்பானது. இரண்டு நாள் கழித்து வலி குறைவதற்குப் பதில் கூடுவது, தொட்டால் சுடுவது, கெட்டியான நாற்றமுள்ள கசிவு, காய்ச்சல், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டுவது ஆகியவை கெட்ட அறிகுறிகள். சந்தேகமாக இருந்தால் சிவப்பின் ஓரத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது. இப்படி எதுவும் இல்லாதபோது, மெடிக்கலில் கேட்டு இரண்டு நாள் ஆன்டிபயாடிக் விழுங்குவதால் எந்தப் பலனும் இல்லை.

முதலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயங்களும் உண்டு. பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காதது, வாய் பிளந்து நிற்பது, உள்ளே மஞ்சள் கொழுப்போ வெள்ளைச் சவ்வோ தெரிவது, முகத்திலும் மூட்டின் மேலும் ஆழமாக இருப்பது, பல இடங்களில் பரந்து கிடப்பது. சர்க்கரை நோயாளிகளும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சின்னக் காயத்தையும் காட்டிவிடுவது நல்லது. ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. கீழே இறங்கினால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 முதல் இருக்கிறது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும்.

டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி பற்றியும் ஒரு தெளிவு தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்பது ஊரில் பரவலாக உள்ள நம்பிக்கை. சின்ன வயதுத் தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டவருக்கு, மண் கலந்த காயமானால் கடைசி ஊசிக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தால் ஒன்று போட வேண்டும். சுத்தமான சின்னக் காயத்துக்குப் பத்து வருடக் கணக்கு. மலைப்பாதைச் சிராய்ப்பு மண் கலந்த கணக்கில்தான் சேரும். சின்ன வயதில் போட்டோமா என்றே தெரியாதவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு டெட்டனஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துத் தேவைப்படும். நாய் துரத்தியோ குரங்கு பாய்ந்தோ விழுந்தவர்கள், சிராய்ப்புகளுக்கு நடுவே பல் தடமோ நகக்கீறலோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

பருப்பு, முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைக்கிறார்கள். தோல் வளரப் புரதம்தான் வேண்டும். பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் அடிபட்டவருக்கு முட்டை கொடுங்கள், பருப்பு கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள்.

மேலோட்டமான சிராய்ப்பு ஏழிலிருந்து பத்து நாளில் மூடும், ஆழமானது இரண்டு மூன்று வாரம் எடுக்கும். மூடிய பிறகு அரிக்கும். சொறியாமல், பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் தணியும். நம் மாநிறத் தோலில் ஆறிய இடம் எளிதில் கருத்துப்போகும், வெயில் பட்டால் இன்னும் கூடும். ஆகவே மறுபடி மிதிக்கப் போகும்போது ஆறு மாதத்துக்காவது அந்த இடத்தைத் துணியால் மூடுங்கள், மூட முடியாத இடத்தில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுங்கள். திறந்த புண்ணில் சன்ஸ்கிரீன் கூடாது.

சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பைக்குள் பாராஃபின் காஸ் இரண்டு தாள், காஸ் பேட் இரண்டு, நான்கு அங்குல ரோலர் ஒன்று, ஒட்டுத்துணி, கையுறை ஒரு ஜோடி, ஊக்கு, பாராசிட்டமால் ஒரு பட்டை எல்லாமே அடங்கும். கையில் போடும் சைக்கிள் கிளவுஸ் உள்ளங்கையைக் காப்பாற்றும். உள்ளங்கையில் தோல் போனால் சாப்பிடுவதிலிருந்து கதவு திறப்பது வரை எதுவும் முடியாது.

நிர்வாகத்துக்கு இரண்டு வேண்டுகோள். மழைக்குப் பிறகும், ஒட்டுப்போடும் வேலைக்குப் பிறகும் கொண்டை ஊசி வளைவுகளின் உள்பக்கத்தில் சேரும் ஜல்லித் துகளை நெடுஞ்சாலைத் துறை வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமையில் கூட்டித் தள்ள வேண்டும். சனி ஞாயிறில்தான் மலையில் நெரிசல். அடிவாரம் சோதனைச் சாவடியிலும் மேலே ஒண்டிக்கடைப் பக்கமும் ஒரு குடிநீர்க் குழாயும், பூட்டில்லாத முதலுதவிப் பெட்டியும் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியில் பஞ்சுக்கும் டிஞ்சருக்கும் பதிலாக அரை லிட்டர் சலைன் பாட்டில்களும் பாராஃபின் காஸும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
காயக்கட்டுப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் இருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.